வேலியிட இயலாத எல்லை

இந்திய-வங்கதேச எல்லையின் நீளம் 4,096 கிலோமீட்டர். அதில் கணிசமான பகுதி ஆறுகளினூடே செல்வதால், அங்கு வேலி அமைக்க இயலாது. 1965 டிசம்பர் 1-இல் தோற்றுவிக்கப்பட்ட எல்லைப் பாதுகாப்புப் படை இதற்கென நீர்ப்பிரிவு ஒன்றைக் கொண்டுள்ளது. குஜராத்தின் கடற்கழிகளிலும் அதற்குப் பணியுண்டு. சுந்தரவனத்தில் காவற்சாவடியே கப்பலாக மிதக்கிறது. சிறு படகுகள் அதிலிருந்து ரோந்து புறப்படுகின்றன.

கடினமான இடம் அசாமின் துப்ரி மாவட்டம். பிரம்மபுத்திரா இங்கிருந்துதான் வங்கதேசத்தினுள் புகுகிறது. வெள்ளம் ஆண்டுதோறும் மணல் திட்டுகளைக் கரைத்து வேறிடத்தில் குவிக்கிறது. கம்பம் நட்ட இடம் அடுத்த ஆண்டு ஆற்றுக்குள் போய்விடலாம். எனவே 2019 மார்ச்சில் 61 கிலோமீட்டர் எல்லைக்கு மின்னணுக் கண்காணிப்பு தொடங்கப்பட்டது.

படகு வருவதைக் கருவி காட்டும். வருபவர் மாடு கடத்துபவரா, திட்டில் விளைந்த சணலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் குடியானவரா என்பதைக் காவலரே இருளில் அறிந்தாக வேண்டும். தவறினால் போவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. சில வேளைகளில் உயிர். திட்டுவாசிகளுக்குப் படகைத் தவிர வேறு வழியுமில்லை. புதிய படகுகளுக்குச் செலவிடுமளவுக்கு, அவ்வட்டார மொழியும் ஆற்றின் போக்கும் அறிந்த காவலரை நெடுங்காலம் ஓரிடத்தில் இருத்துவதிலும் அரசு அக்கறை காட்டுதல் நன்று.