பிள்ளைகளும் இராக் கேளிக்கைகளும்

பதினைந்து வயதுப் பிள்ளை இரவு பத்து மணிக்கு மேல் எங்கே இருக்கிறான், யாருடன் இருக்கிறான், எவ்வாறு வீடு திரும்புவான் என்னும் மூன்று கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்லக் கூடிய தகப்பனார்கள் நம்மில் எத்தனை பேர்? சிநேகிதன் வீட்டில் பிறந்த நாள் விருந்து என்றான், போய் வரச் சொன்னோம் என்பதோடு பெரும்பாலோருடைய விசாரணை முடிந்து விடுகிறது. அந்த வீட்டில் பெரியவர்கள் யாரேனும் இருக்கிறார்களா, அங்கே பரிமாறப்படுவது பலகாரம் மட்டுந்தானா என்று கேட்பதை மரியாதைக் குறைவாகக் கருதுவோரும் உண்டு. விபரீதம் நேர்ந்த பிறகோ, சர்க்காரையும் பள்ளிக்கூடத்தையும் சினிமாவையும் கலிகாலத்தையும் நொந்துகொள்வதில் எவரும் பின்னிடுவதில்லை.

பிள்ளைகளின் இராக் கேளிக்கைகளுக்குப் பொறுப்பாளி யார் என்னும் இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. செல்வமும் கல்வியும் மிகுந்த தேசங்களையும் இது வாட்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்று, வட அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஐஸ்லாந்து என்னும் தீவு. அத்தேசம் இந்நோயைக் கண்ட விதமும், அதற்கு மருந்து தேடிய விதமும் பெற்றோர்களும் பொதுஜன ஊழியர்களும் ஊன்றிக் கவனிக்கத் தக்கவை.

ரெய்க்யவிக் வீதிகளின் பழைய கோலம்

1990-ம் வருஷத்தை அடுத்த காலத்தில், ஐஸ்லாந்தின் தலைநகரமாகிய ரெய்க்யவிக்கில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடு வீதிகளில் நடப்பதற்கே ஜனங்கள் அஞ்சினார்கள். மீசை முளைக்காத பிள்ளைகளும் அவர்கள் வயதுப் பெண்களும் கூட்டங் கூட்டமாகக் குடித்துவிட்டுத் திரிந்தார்கள். 1998-ம் வருஷத்தில் எடுத்த கணக்கில், 15, 16 வயதுள்ள மாணவர்களில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறி கொண்டதாகத் தாங்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாள்தோறும் புகை பிடித்தவர் நூற்றுக்கு 23 பேர். கஞ்சா வகையை ஒரு முறையாவது தொட்டவர் நூற்றுக்கு 17 பேர்.

2016-ம் வருஷத்தில் அதே வயதினரைக் கேட்டபொழுது, இந்த 42 என்பது 5 ஆகவும், 23 என்பது 3 ஆகவும், 17 என்பது 7 ஆகவும் இறங்கிவிட்டன. இடைப்பட்ட பதினெட்டு வருஷங்களில் நடந்தது என்ன?

கணக்கு சொன்ன செய்தி

முதலில் அவர்கள் செய்தது பிரசங்கம் அல்ல, விசாரணை. 1992-ம் வருஷத்தில் நாடெங்கும் உள்ள பள்ளிகளில் 14, 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் கேள்வித் தாள்கள் கொடுக்கப்பட்டன. குடித்தது உண்டா, எப்பொழுது என்பதோடு, பெற்றோருடன் எவ்வளவு பொழுது கழிக்கிறாய், மாலையில் என்ன செய்கிறாய் என்றும் அவற்றில் கேட்கப்பட்டிருந்தது. 1995-லும் 1997-லும் இந்தக் கணக்கு மறுபடி எடுக்கப்பட்டது. இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிர் என்னும் சமூக சாஸ்திரப் பேராசிரியை போன்றவர்கள் அந்தத் தாள்களை ஆராய்ந்தார்கள்.

கெடாத பிள்ளைகளுக்கும் கெட்டுப் போகும் பிள்ளைகளுக்கும் இடையே நான்கு வித்தியாசங்கள் தெளிவாகத் தெரிந்தன. வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒழுங்கான விளையாட்டிலோ கலைப் பயிற்சியிலோ ஈடுபடுவது ஒன்று. வார நாட்களில் பெற்றோருடன் கழிக்கும் மொத்த நேரம் இரண்டாவது. பள்ளிக்கூடத்தில் தன்னிடம் அக்கறை உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்னும் உணர்ச்சி மூன்றாவது. இரவு வெகு நேரம் வெளியில் சுற்றாதிருப்பது நான்காவது. குடியின் தீமைகளைப் பற்றிப் பள்ளிகளில் அதுவரை செய்து வந்த உபதேசங்கள் சிறிதும் பயன் தரவில்லை என்பதும் வெளியாயிற்று. தீமை இன்னதென்று தெரியாமல் எந்தப் பிள்ளையும் குடிக்கவில்லை.

இந்தக் கணக்கின் முடிவுகளை அவர்கள் சர்க்கார் அலமாரியில் பூட்டி வைக்கவில்லை என்பது குறிப்பிடத் தக்கது. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் அதனதன் நிலைமை தனித்தனியே தெரிவிக்கப்பட்டது. தேசத்தில் நூற்றுக்கு இத்தனை பேர் என்றால் கேட்பவன் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய் விடுவான். உன் மகன் படிக்கும் பள்ளியில் இத்தனை பேர் என்றால் அவனுக்கு அன்று தூக்கம் வராது.

பெற்றோர் செய்துகொண்ட உடன்படிக்கை

தனி ஒரு தகப்பனாரின் கண்டிப்பு எங்கே தோற்கிறது என்பதை அநுபவமுள்ளவர்கள் அறிவார்கள். நீ போகக் கூடாது என்றவுடன், எல்லாரும் போகிறார்களே என்று பிள்ளை பதில் சொல்கிறான். அடுத்த வீட்டுத் தகப்பனாருக்கும் இதே பதில் கிடைத்திருக்கும். நாம் மட்டும் ஏன் கொடியவன் என்று பெயர் வாங்க வேண்டும் என்று இருவரும் விட்டுக் கொடுக்கிறார்கள். எவருக்கும் மனமில்லாத ஒரு காரியம், எல்லாருடைய சம்மதத்தின் பேரிலும் நடந்தேறுகிறது.

ஐஸ்லாந்துப் பெற்றோர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். பள்ளிதோறும் பெற்றோர் சங்கம் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்யப்பட்டது. 'வீடும் பள்ளியும்' என்று பொருள்படும் பெயர் கொண்ட தேசியப் பெற்றோர் சங்கம் ஓர் உடன்படிக்கைப் பத்திரத்தைத் தயாரித்தது. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்கள் ஒன்று கூடிப் பேசி அதில் கையெழுத்திட்டார்கள். பெரியவர்கள் இல்லாத வீட்டில் பிள்ளைகள் கூடிக் களிக்க இடங் கொடுப்பதில்லை. வயது வராத எவருக்கும் மது வாங்கித் தருவதில்லை. பிறர் பிள்ளையானாலும் வழி தவறக் கண்டால் கவனிப்பது என்பன போன்றவை அதன் ஷரத்துக்கள். கையெழுத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. ஆயினும், எல்லாரும் போகிறார்களே என்னும் பிள்ளையின் வாதத்துக்கு இருந்த மதிப்பு அன்றோடு போயிற்று.

வெளியில் போய்க் கெடுவதைவிட வீட்டில் நம் கண்முன்னே சிறிது ருசி பார்க்கட்டுமே என்று மேல் நாடுகளில் ஒரு வாதம் உண்டு. நம் பட்டணங்களிலும் அது தலை காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 1,900 சிறுவர் சிறுமியரை ஆறு வருஷ காலம் தொடர்ந்து கவனித்து 2018-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி, பெற்றோர் கையால் மது கொடுப்பதனால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உண்டாவதாக எந்த அடையாளமும் இல்லை என்றும், மாறாக அவர்கள் வேறிடங்களிலும் மதுவைப் பெறுவது அதிகமாகிறது என்றும் கண்டது. பத்திரத்தில் அந்த ஷரத்து வீணுக்கு ஏற்படவில்லை.

சட்டமும் காவல் நடையும்

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. மேஜராகும் வயது 1998 ஜனவரி 1-ந் தேதி முதல் 16-லிருந்து 18-ஆக உயர்த்தப்பட்டது. இதனால் 16, 17 வயதுப் பிள்ளைகளின் பொறுப்பிலிருந்து பெற்றோர் கழன்றுகொள்ள வழியில்லாமற் போயிற்று. 20 வயது நிரம்பாதவருக்கு மதுவும், 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலையும் விற்பது அங்கே குற்றம். இரண்டுக்கும் விளம்பரம் செய்யத் தடையுண்டு.

இராக்காலத்துக்கும் விதி உண்டு. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இரவு 8 மணிக்கு மேல் பெரியவர்கள் துணையின்றிப் பொது இடங்களில் இருக்கலாகாது. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் 10 மணிக்கு மேல் வெளியே இருக்கலாகாது. பள்ளி விழாவிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ வீடு திரும்புவோருக்கு விலக்கு உண்டு. நள்ளிரவிலும் வானம் வெளுத்திருக்கும் கோடையில், அதாவது மே 1 முதல் செப்டம்பர் 1 வரையில், இரண்டு மணி நேரம் கூடுதலாக அநுமதிக்கப்படுகிறது. இவ்விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

சட்டம் தானே நடந்து போய் எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வராது. ஆகவே பெற்றோர்களே நடந்தார்கள். வாரக் கடைசி இரவுகளில், முறை வைத்துக்கொண்டு, தாய்மார்களும் தகப்பனார்களும் சிறு சிறு கூட்டமாகத் தங்கள் பேட்டையைச் சுற்றி வந்தார்கள். அவர்கள் கையில் தடியில்லை, வாயில் வசவில்லை. தெரிந்த முகத்தைக் கண்டால், நேரமாயிற்று, வீட்டுக்குப் போகலாமே என்று சொல்வார்கள். தன் தாயின் தோழி அந்த மூலையில் வரக் கூடும் என்னும் நினைப்பு ஒரு பிள்ளையைத் தடுப்பது போல் போலீஸ் சேவகனின் தொப்பி தடுப்பதில்லை.

பொழுதுக்கு வழி என்ன?

போகாதே என்று மட்டும் சொல்லி விட்டால், பிள்ளை எங்கேதான் போவான்? வாலிப வயதின் துடிப்பு பொய்யன்று. ஹார்வி மில்க்மன் என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணர், மதுவில் வாலிபர்கள் தேடும் கிளர்ச்சியை ஆட்டத்திலும் பாட்டிலும் விளையாட்டிலும் கொடுத்தால் மது தேவைப்படாது என்று வற்புறுத்தி வந்தவர். ஐஸ்லாந்து அவர் சொல்லைச் செவியேற்றது. விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் நாட்டியத்துக்கும் சர்க்கார் பணம் ஒதுக்கிற்று. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் விலக்கப்படாதபடி ரெய்க்யவிக் நகரசபை, பிள்ளை ஒன்றுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை வரையில் பயிற்சிக் கட்டணத்துக்கு உதவியது.

பெற்றோருக்கும் ஒரு யோசனை சொல்லப்பட்டது. எப்போதோ ஒரு நாள் ஆடம்பரமாகப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதைக் காட்டிலும், நாள்தோறும் அவர்களுடன் சாதாரணமாகப் பொழுது போக்குவதே மேல் என்பது அது. வார நாட்களில் பெற்றோருடன் அடிக்கடி பொழுது கழிப்பதாகச் சொன்ன 15, 16 வயதினர் 1997-ல் நூற்றுக்கு 23 பேர். 2012-ல் 46 பேர். வாரத்தில் நான்கு முறைக்குக் குறையாமல் விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் அதே காலத்தில் 24-லிருந்து 42 ஆனார்கள்.

ஆக்ஷேபணைகள்

ஐஸ்லாந்து சிறு தேசம். 2016-ல் அதன் ஜனத்தொகை சுமார் 3.3 லட்சந்தான், அங்கே நடந்தது பிற இடங்களில் நடக்குமா என்று சிலர் கேட்பார்கள். தேசத்தின் அளவு இங்கே பிரச்னையே அல்ல. உடன்படிக்கை செய்துகொண்டது ஒரு தேசமன்று, ஒரு வகுப்பு. முப்பது நாற்பது குடும்பங்கள் எந்த ஊரிலும் கூடலாம்.

மற்ற ஐரோப்பிய தேசங்களிலும் இந்த நூற்றாண்டில் வாலிபர்களின் குடிப்பழக்கம் குறைந்திருக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. அது உண்மையே. ஆகையால் முழுப் புகழையும் இந்த ஏற்பாட்டுக்கே கொடுத்து விடுவது நியாயமாகாது. ஆனால் 2015-ம் வருஷத்து ஐரோப்பியக் கணக்கில், அந்த மாதத்தில் மது அருந்திய 15, 16 வயது மாணவர்கள் சராசரி நூற்றுக்கு 48 பேராக இருக்க, ஐஸ்லாந்தில் 9 பேரே இருந்தார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசம் காலப் போக்கினால் மட்டும் வந்ததென்று சொல்வதற்கில்லை. போர் முடிந்து விட்டதென்று அத்தேசத்தாரும் எண்ணவில்லை. மின் சிகரெட் என்னும் புதிய தீமை அங்கும் பரவிக் கவலை தந்திருக்கிறது.

ஒற்று வேலை கண்காணிப்பு ஆகாது

மூன்றாவது ஆக்ஷேபணையே கனமானது. பிள்ளைகளின் சுதந்திரம் என்னாவது என்பது அது. அவர்கள் பையைத் துழாவுவதும், கைப்பேசியை ஒளிந்து பார்ப்பதும், சிநேகிதர்களைக் குறுக்கு விசாரணை செய்வதும் கண்காணிப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. ஸ்வீடனில் ஆராய்ச்சி செய்த ஹாகான் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்னும் இருவர், 14 வயதுள்ள 703 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் விசாரித்து 2000-ம் வருஷத்தில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் நடமாட்டத்தைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பவற்றில் பெரும்பகுதி, கேட்டும் தேடியும் அறிந்தது அல்ல. பிள்ளைகள் தாமாக வந்து சொன்னது என்பதே அம்முடிவு.

இதன் கருத்து யாது? சொன்னால் அடி விழும் என்று அஞ்சும் பிள்ளை சொல்ல மாட்டான். சொன்னாலும் கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளையும் சொல்ல மாட்டான். ஒரு விருந்தில் நிலைமை முறை தவறிப் போகும்போது, நள்ளிரவானாலும் தகப்பனாரைக் கூப்பிடலாம், அவர் முதலில் அழைத்துப் போவார், கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்வார் என்னும் நம்பிக்கை இருக்குமானால், அதுவே தலை சிறந்த காவல்.

நம் கடமை

நம் குடும்பங்களில் பலவற்றில் ஒரு விசித்திரமான நீதி வழங்கி வருகிறது. பெண் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளை எப்போது வந்தாலும் கதவு திறக்கும். பெண்ணை நம்பாமல் அடைக்கிறோம். பிள்ளையைக் கேளாமல் அவிழ்த்து விடுகிறோம். இரண்டும் வளர்ப்பு ஆகா. வரம்பு என்று ஒன்று வேண்டுமானால் அது இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். காரணம் சொல்லி விதிப்பதாகவும் இருக்கட்டும்.

பொதுக் காரியங்களில் முன் நிற்போரும் தங்களைச் சற்றுச் சோதித்துக்கொள்வது நலம். இரவெல்லாம் கூட்டங்களில் தேசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாரத்தில் எத்தனை இரவு தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்கிறார்கள்? கூட்டம் கூட்டவும் தீர்மானம் நிறைவேற்றவும் கையெழுத்து வாங்கவும் அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் திறமையைத் தங்கள் பிள்ளையின் வகுப்பில் உள்ள பெற்றோர்களை ஒரு மாலை ஒன்று சேர்ப்பதில் செலவிடட்டும். எந்த வீட்டில் விருந்தானாலும் பெரியவர் ஒருவர் உடனிருப்பது, மதுவுக்கு இடமில்லாமை, வீடு திரும்பும் நேரம், அழைத்து வரும் பொறுப்பு ஆகிய நான்கையும் பேசி முடிவு செய்ய ஒரு மணி நேரம் போதும். அதற்குச் சட்டசபையின் அநுமதி வேண்டுவதில்லை. சர்க்காரின் பணமும் வேண்டுவதில்லை.

பிள்ளைகள் கேளிக்கைகளுக்குப் போகட்டும், சிரிக்கட்டும், ஆடட்டும், பாடட்டும். அது அவர்களுடைய வயதின் உரிமை. அவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு வேண்டியதைச் செய்து வைப்பது பெற்றோருடைய வயதின் கடமை. உரிமையை அவர்கள் நம்மிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கடமையை நம்மிடம் வந்து கேட்பவர் எவருமில்லை. நாமேதான் நினைத்துச் செய்ய வேண்டும்.