அப்பாவுக்கு 11 பாடம்!

நாலு வயசுப் பயல் தரையில் புரண்டு அழுகிறான். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தங்கையைக் கிள்ளுகிறான். 'முதுகுல ரெண்டு வெச்சா சரியாயிடும்' என்பது பழைய வைத்தியம். ஃபின்லாந்தில் அது செல்லாது. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 1983-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

சரி, அடிக்காமல் எப்படி வழிக்குக் கொண்டுவருவது? 'பெற்றோருக்கே இன்டர்நெட்டில் பாடம் நடத்திப் பார்ப்போம்' என்று கிளம்பியது, துர்க்கு பல்கலைக்கழக டாக்டர் ஆண்ட்ரே சொராண்டரின் குழு. கனடாவில் உருவான முறை. மொத்தம் 11 பாடம். கூடவே, வாராவாரம் போனில் ஒரு கோச்!

பாடம் ரொம்ப சிம்பிள். பையன் சமர்த்தாக இருக்கும்போது கவனித்துப் பாராட்டுங்கள். சிணுங்கினால் கண்டுகொள்ளாதீர்கள். டி.வி-யைப் பட்டென்று அணைக்காமல், 'இன்னும் அஞ்சு நிமிஷம்தான்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

'அட, இதைத்தானே எங்க பாட்டியும் சொன்னாங்க' என்கிறீர்களா? சொன்னார்கள். ஆனால், பலித்ததா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இவர்கள் எடுத்தார்கள்!

4,656 குழந்தைகளை அலசினார்கள். ரகளைப் பேர்வழிகள் 730 பேர் தேறினார்கள். அதில் 464 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 232 வீட்டுக்கு முழுப் பாடம். மீதி 232-க்கு, பொதுவான ஆலோசனைகள் உள்ள ஒரு வெப்சைட்டும் ஒரே ஒரு போன் காலும்தான்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? காரணம் இருக்கிறது. வயசு ஏற ஏற, பிள்ளைகள் தானாகவே கொஞ்சம் அடங்குவார்கள். அடங்கியது பாடத்தாலா, வயசாலா? பக்கத்தில் இன்னொரு கோஷ்டி இருந்தால்தானே தெரியும்!

2016-ல் ரிசல்ட் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு, பாடம் படித்த வீடுகளில் ரகளை கூடுதலாகக் குறைந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது.

ஒரு சின்ன உறுத்தல்... பிள்ளைக்கு மார்க் போட்டவர்கள், பாடம் படித்த அதே பெற்றோர்! மாறியது பிள்ளையா, பார்த்த கண்ணா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

ஆபீஸையே பாருங்கள். பத்து ஃபைலை ஒழுங்காக முடித்தால் மேனேஜர் வாயே திறப்பதில்லை. பதினோராவதில் ஒரு தப்பு... உடனே ரூமுக்கு அழைப்பு. எரிகிறதா, இல்லையா? வீட்டில் அந்த நாலு வயசுக்காரனுக்கு நாம்தான் மேனேஜர்!

'எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார்' என்கிறவர்கள், அக்கா பையனிடம் ஆரம்பிக்கலாம்!