கத்தி எடாத வைத்தியருக்கும் கட்டணமா?

சட்டத்தரணியிடம் சென்று தன் காணி வழக்கின் வரலாற்றைக் கூறி, "இவ்வழக்கைத் தொடராதே, தோற்றுவிடுவாய்" என்னும் அறிவுரையைப் பெற்றுத் திரும்பும் ஒருவன், அதற்குரிய கட்டணத்தைக் கொடுக்கும்போது சற்றே முகஞ் சுளிப்பான். வழக்குப் பேசாதவருக்குப் பணம் எதற்கு என்பது அவன் எண்ணம். அந்த ஒரு வார்த்தையே அவனுடைய எஞ்சிய காணியைக் காத்தது என்பது அவனுக்கு அப்பொழுது தோன்றுவதில்லை.

இத்தகைய முகச்சுளிப்பொன்றை அண்மையில் யான் தொலைபேசி வாயிலாகவே உணர நேர்ந்தது. இலண்டனில் வாழும் என் ஒன்றுவிட்ட தங்கை ஒருநாள் என்னை அழைத்து, "அண்ணா, இங்கே ஒரு வைத்தியர் பிள்ளையின் மூக்கைப் பார்ப்பதற்கு மட்டும் 250 பவுண் கேட்கிறார். இது நியாயமா?" என்று வினவினாள்.

நடந்தது இதுதான். அவளுடைய மகள் தன் மூக்கின் வடிவம் பிடியாமல், விடுமுறைக்குச் சென்ற வேற்று நாடொன்றிலே, விடுதிச் செலவும் சேர்த்து மலிவாகப் பேசப்பட்ட ஏற்பாட்டின்படி அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டாள். எட்டு மாதங்கள் கழிந்தன. மூக்கின் நுனி ஒருபுறம் சாய்ந்தது. அதனினும் கொடிதாக, இரவிலே ஒரு நாசித் துவாரம் அடைத்து மூச்சு விடுதல் வருத்தமாயிற்று. கெட்டதைத் திருத்துவோரைத் தேடினார்கள். ஓரிடத்தில் ஆலோசனை இலவசம். மற்றோரிடத்தில் 250 பவுண். முதற் சிகிச்சைக்கே கடன்பட்ட ஒரு தாயின் மனம் எப்பக்கம் சாயும் என்று சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் முறை ஏன் கடினம்?

மூக்கை அறுத்துத் திருத்தும் கலை கீழைத்தேயத்தாருக்குப் புதியதன்று. கன்னத்துத் தோலைக்கொண்டு, இழந்த மூக்கை அமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குகின்றது. புனே நகர்ப் பகுதியிலே நெற்றித் தோலால் மூக்கு அமைக்கப்பட்ட ஒருவரின் செய்தியை 1794ஆம் ஆண்டில் இலண்டன் சஞ்சிகையொன்று படத்துடன் வெளியிட்டது. அம்முறையை ஆராய்ந்த ஜோசப் கார்ப்பியூ என்னும் ஆங்கிலச் சத்திர வைத்தியர் 1814இல் தம் நாட்டிலே அதனைச் செய்து காட்டினார். அன்று இழந்த மூக்கை மீட்பதே நோக்கம். இன்று உள்ள மூக்கை அழகுபடுத்துதலும், அழகுபடுத்தியது பிழைத்தால் அதனை மீண்டும் திருத்துதலும் மருத்துவத்தின் பகுதிகளாகிவிட்டன. மூக்கை அழகுபடுத்திக்கொண்டோரில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறுமுறை திருத்தம் நாடுவர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

வெறுநிலத்தில் வீடு கட்டுதல் வேறு. பிறனொருவன் கட்டிய சுவர் வெடித்தபின் அதனைத் திருத்துதல் வேறு. அத்திவாரம் எங்கே உள்ளது, எக்கல் எதனைத் தாங்குகின்றது என்று அறியாது கை வைத்தால் கூரையே வீழும். மூக்கின் கீழ்ப்பகுதியைத் தாங்குவது குருத்தெலும்பு. முதற் சிகிச்சையில் அதனை மிகுதியாக வெட்டி அகற்றியிருந்தால், இரண்டாம் முறை காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ குருத்தெலும்பை எடுத்துப் பொருத்தவேண்டி வரும். முன்னைய வெட்டுக்கள் ஆறிய இடங்களில் உள்ளே தழும்புத் தசை படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் முன்போல் இராது. வீக்கமோ எளிதில் வற்றுவதன்று. மூக்கின் நுனி தன் இறுதி வடிவை அடைய ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். ஆதலாற்றான் ஓராண்டேனும் பொறுத்தே திருத்தத்தைப்பற்றி எண்ணவேண்டும் என்று சத்திர வைத்தியர்கள் பொதுவாகக் கூறுகின்றனர்.

பொறுமையையும் பதிவையும் இக்கலைக்குப் புகட்டியவர்களுள் முதன்மையானவர் நியூசிலாந்திற் பிறந்த சேர் ஹரோல்ட் கில்லீஸ். முதலாம் உலக யுத்தத்தில் முகஞ் சிதைந்து வந்த போர்வீரர்களுக்கு இங்கிலாந்திலே அவர் மறுமுகம் அமைத்தார். கண்ணியமாக நாளைக்கு ஒத்திவைக்கக்கூடியதை இன்றே செய்யாதே என்பது அவர் தம் மாணாக்கருக்குக் கூறிய நெறி. சத்திர வைத்தியராயிருந்து ஓவியரான ஹென்றி டொங்ஸ் என்பவர், 1916ஆம் ஆண்டு தொடங்கி அவ்வீரர்களின் முகங்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வரைந்து வைத்தார். முன்னர் என்ன இருந்தது, எது செய்யப்பட்டது என்று அறியாமல் அடுத்த அடியை எடுத்துவைத்தல் ஆகாது என்பதற்கு அவ்வோவியங்கள் சான்று.

இலவசமும் கட்டணமும்

என் தங்கை முதலில் மகளை இலவச இடத்துக்கே அழைத்துச் சென்றாள். அங்கே அவர்களை வரவேற்றவர் வைத்தியரல்லர். இன்முகம் காட்டிய அலுவலர் ஒருவர். அவர் அழகிய படங்களைக் காட்டினார். தவணை முறையை விளக்கினார். மாத முடிவுக்குள் முற்பணம் கட்டினால் விலையிற் கழிவு உண்டு என்றார். சத்திர வைத்தியரைச் சிகிச்சை நாளன்று காணலாமாம். பழைய சிகிச்சையின் குறிப்பை ஒருவரும் கேட்கவில்லை.

பின்பு என் வற்புறுத்தலால் 250 பவுணையும் கொடுத்து மற்றவரிடம் சென்றார்கள். அவர் முதலிற் கேட்டது முன்னைய சிகிச்சையின் குறிப்பையும் பழைய புகைப்படங்களையுமே. ஏறக்குறைய ஒரு மணிநேரம் சோதித்தார். மெல்லிய குழாய்க் கருவியால் நாசியின் உட்புறத்தைப் பார்த்தார். ஒவ்வொரு துவாரமாக மூச்சிழுக்கச் செய்தார். காதின் குருத்தெலும்பைத் தொட்டு மதிப்பிட்டார். இறுதியில், "இன்னும் ஆறு மாதம் செல்லட்டும். இப்பொழுது தொட்டால் இன்னும் கெடும்" என்று கூறி அனுப்பிவிட்டார்.

"வீட்டுக்குப் போ என்று சொல்வதற்கா, அண்ணா, 250 பவுண்?" என்று தங்கை மனம் வெதும்பினாள். "ஆம், அம்மா. அதற்கேதான்" என்றேன்.

சிந்தித்துப் பார்ப்போம். ஆலோசனையை இலவசமாக வழங்கும் நிலையம் தன் இடத்துக்கும் ஆட்களுக்குமான செலவை எங்கிருந்து பெறும்? சிகிச்சையிலிருந்தே பெறவேண்டும். "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொருவரும் அதற்கு நட்டம். இலவசமாய்ப் பார்ப்போரெல்லாம் தீயோரென்றோ, கட்டணம் பெறுவோரெல்லாம் நேர்மையாளரென்றோ யான் கூறவரவில்லை. கட்டணம் பெற்றவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் எளிதாகக் கிடைக்கின்றது என்பதே என் கருத்து. மறு சிகிச்சையிலே அச்சொல்லின் விலை பெரிது. மனம் நொந்து, கண்ணாடியின் முன்னே நாழிகைகளைக் கழிக்கும் ஒருவர் எதற்கும் உடன்படுவார். சிலருக்குக் குறை மூக்கில் இராது, மனத்தில் இருக்கும். அவர்களைக் கத்தியினின்று விலக்கி மனநல வைத்தியரிடம் அனுப்புவதும் அறமுள்ள சத்திர வைத்தியரின் கடமையே.

பிரித்தானியர் இதனைப் பட்டறிந்தனர். தரங்குறைந்த சிலிக்கனால் ஆன மார்பக உட்பொருத்திகள் 2010இல் தடைசெய்யப்பட்டபின் எழுந்த கவலையால், சேர் புரூஸ் கியோ தலைமையில் ஆராய்ந்து 2013இல் அறிக்கை வெளியிட்டனர். 2016இல் அந்நாட்டுப் பொது மருத்துவப் பேரவை, சிகிச்சை செய்பவரே நோயாளருடன் பேசிச் சம்மதம் பெறவேண்டும் என்றும், ஆராயாமல் முடிவெடுக்கத் தூண்டும் விற்பனைத் தந்திரங்கள் ஆகா என்றும் விதித்தது. ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் இடையே இரு வாரமேனும் சிந்திக்க விடவேண்டும் என்பது இங்கிலாந்து அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் நெறி.

கேட்டறிய வேண்டியவை

ஆயினும் கட்டணத்தைக் கண்மூடிக் கொடுத்தலும் தகாது. நாள் குறிக்கும் முன்னரே சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. நம்மைப் பார்ப்பவர் சிகிச்சை செய்யும் வைத்தியர்தாமா? மறு சிகிச்சையில் அவருக்குப் பழக்கம் உண்டா? இரண்டாம் வருகைக்கும் தனிக் கட்டணமா? படம் எடுத்தல் முதலிய சோதனைகள் அதனுள் அடங்குமா? சிகிச்சைக்கு உடன்பட்டால் இக்கட்டணத்தைச் சிலர் மொத்தத்திற் கழிப்பர், அதனையும் வினவலாம். முதற் சிகிச்சை செய்தவரிடமே திரும்புவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். அவர் தமது கூலியை விட்டுக்கொடுப்பினும், சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் மயக்க மருந்து வைத்தியருக்கும் உரிய செலவு பெரும்பாலும் நோயாளர் தலையிலேயே வீழும்.

நம் நாட்டிலே அரச வைத்தியசாலையில் இலவசமாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். தனியாரிடம் இலக்கம் எடுத்து, மூன்று மணிநேரம் காத்திருந்து, மூன்று நிமிடம் வைத்தியர் முகத்தைக் கண்டு திரும்பிய அனுபவமும் நம்மிற் பலருக்குண்டு. ஆதலால் ஆலோசனைக் கட்டணம் என்றதும் நமக்கு ஐயம் பிறத்தல் இயல்பே. நாம் ஐயுறவேண்டியது கட்டணத்தையன்று. அதற்கு ஈடாக நேரமும் கவனமும் உண்மையும் கிடைத்தனவா என்பதையே.

வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்திலே வைத்தியனின் தொழிலைக் கூறுமிடத்து, நோயை ஆராய்தல், அதன் காரணத்தை ஆராய்தல், தணிக்கும் வழியை ஆராய்தல் ஆகிய மூன்றையும் முன்வைத்து, செயலை இறுதியிலே வைத்தார். கத்தி நான்காவது படியில் வருவது. முதல் மூன்று படிகளுக்கும் கூலி இல்லையென்று நாம் சொன்னால், அவற்றைத் தாண்டிக் குதிக்கும்படி வைத்தியரை நாமே தூண்டியவர்களாவோம்.

ஆறு மாதம் சென்றபின் தாயும் மகளும் மீண்டும் அவ்வைத்தியரிடம் சென்றார்கள். அம்முறை கட்டணம் வாங்கப்படவில்லை. வீக்கம் வற்றியிருந்தது, நுனியின் சாய்வும் பெரும்பாலும் குறைந்திருந்தது. மூச்சுவழியை மட்டும் காதின் குருத்தெலும்பு கொண்டு சீர்செய்தாற் போதும் என்றார். எஞ்சிய சிறு சாய்வைப்பற்றித் தங்கை வினவியபோது, அதற்கு விடை கூறியவள் மகளே:

"அது இருக்கட்டும், அம்மா. எனக்கு இரவிலே நித்திரை வந்தாற் போதும்."