வாயில்லாச் சீவன்களின் மருத்துவர்

கொல்கத்தா மெட்ரோவில் தம்தம் நிலையத்திலிருந்து சியாம்பஜார் நோக்கிச் செல்வோர் அடுத்து அடைவது பெல்காச்சியா நிலையம். அப்பகுதியில் 1893ஆம் ஆண்டு வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதன் வழியில் 1995ஆம் ஆண்டு மேற்கு வங்க விலங்கு மற்றும் மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம் அரசால் நிறுவப்பட்டது. கால்நடை மருத்துவம், பால்வளத் தொழில்நுட்பம், மீன்வள அறிவியல் ஆகிய மூன்றும் இப்பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டிலும் 1903இல் சென்னையில் இத்தகைய கல்லூரி தோன்றியது. 1989இல் கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் அமைந்தது.

‘மாடு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். உழவு மாடு இறந்தால் வயல் தரிசாகும். கறவை மாடு நோயுற்றால் அடுப்பு அணையும். அந்நாளில் வெக்கை நோய் என்னும் கொள்ளைநோய் மாடுகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. தடுப்பூசியாலும் இடைவிடாக் கண்காணிப்பாலும் அந்நோய் ஒழிந்ததென 2011இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மனிதர் முற்றிலும் ஒழித்த நோய்கள் இரண்டே: ஒன்று பெரியம்மை, மற்றொன்று வெக்கை நோய்.

கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பு 5½ ஆண்டுகள் கொண்டது. அதில் இறுதி ஓராண்டு நேரடிப் பயிற்சி. உடற்கூறியல், நோயியல், இனவிருத்தி, தீவனம், அறுவை மருத்துவம் முதலியன பாடங்களாகும். மனித மருத்துவர் ஓர் உயிரினத்தின் உடலை அறிந்தால் போதும். கால்நடை மருத்துவரோ பல உயிரினங்களின் உடலை அறிதல் வேண்டும். பசுவின் இரைப்பை நான்கு அறைகள் உடையது; குதிரையின் இரைப்பைக்கு ஓர் அறையே உண்டு. மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே பறித்துவிடும். ஆதலால் ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்கு எண்ணாமல் கொடுத்தல் ஆகாது.

நாய், பூனைகளுக்கு மருத்துவம் செய்வது மட்டுமே இத்துறை என்று நகரத்துப் பிள்ளைகள் எண்ணுவதுண்டு. வங்கத்துச் சிற்றூர்களில் கருப்பு வங்காள ஆடு ஏழைக் குடும்பத்தின் சேமிப்பாகும். உருவில் சிறியதாயினும் அது ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு குட்டிகள் ஈனும். பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேவைப்படும் நாளில் ஓர் ஆட்டை விற்பர். அந்த ஆட்டைக் காப்பவர் அக்குடும்பத்தையே காக்கிறார்.

நோயுற்ற ஆடு தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. எப்போது அசைபோடுவதை நிறுத்தியது, நேற்று எதைத் தின்றது, சாணம் எவ்வாறு இருந்தது என்பனவற்றை வளர்ப்பவரிடமே கேட்டறிய வேண்டும். வங்கத்து மூதாட்டியிடம் வங்க மொழியிலும், தமிழக உழவரிடம் தமிழிலும் கேட்டால்தான் உண்மை முழுவதும் வெளிப்படும். வீட்டில் தமிழும் வீதியில் வங்கமும் பேசி வளரும் பிள்ளைக்கு இஃது இயல்பாகவே வாய்த்த செல்வம்.

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் பயின்றோர் இப்படிப்பில் சேரலாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டிற்குரிய 15 விழுக்காட்டு இடங்கள் நீட் தேர்வு மதிப்பெண் கொண்டு நிரப்பப்படுகின்றன. ஆகவே, கொல்கத்தாவில் பயிலும் மாணவர் சென்னைக் கல்லூரிக்கும் முயலலாம். எங்குப் பயின்றாலும் முதலில் வேண்டுவது பொறுமை. பேசாத உயிரின் துன்பத்தைப் பார்த்தே உணரும் கண்.

அருஞ்சொற்பொருள்
தரிசு – பயிரிடப்படாத நிலம்
ஈற்று – ஒரு முறை குட்டி ஈனுதல்
விழுக்காடு – நூற்றில் இத்தனை பங்கு

விடை எழுதுக
1. மனிதர் முற்றிலும் ஒழித்த இரு நோய்கள் யாவை?
2. கருப்பு வங்காள ஆடு ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு எனப்படுவது ஏன்?
3. கால்நடை மருத்துவருக்கு மொழியறிவு எவ்வாறு துணைபுரிகிறது? ஐந்து வரிகளில் எழுதுக.