உஷார்! காற்று நின்ற பிறகுதான் செடி கருகும்

ராத்திரியெல்லாம் காற்று பேயாக அடித்து ஓய்ந்துவிட்டது. மொட்டை மாடியில் தொட்டி ஒன்றும் உடையவில்லை, செடியெல்லாம் பச்சையாகத்தான் நிற்கிறது என்று கீழே இறங்கி டீ போடப் போகிறீர்களா? டீ இருக்கட்டும். ஒரு வாளி நல்ல தண்ணீரோடு திரும்ப மேலே ஏறுங்கள். வெயில் ஏறுமுன் இலைகளைக் கழுவிவிடுவது நல்லது.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். காலை வெயில் பட்டதும் பூச்செடி, தேயிலைக் கொழுந்து எல்லாம் கருகும். அதனால்தான் அங்கே தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியால் மூடிவைக்கிறார்கள், விடிந்ததும் தண்ணீர் தெளிக்கிறார்கள். நம் வடசென்னையில் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் உறைபனி எங்கே வரப்போகிறது? நமக்கு வருவது உப்புக்காற்று. கருகல் மட்டும் அச்சு அசல் ஊட்டிக் கருகல்.

அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் காற்று கடலிலிருந்து நேராக நம் மாடிக்கு வரும். கரையோரக் கல்லில் அலை மோதித் தெறிக்கிற நுரை, தூசு தூசாகக் காற்றில் ஏறி இலைமேல் படிந்துவிடும். மழையும் சேர்ந்து கொட்டினால் கவலை இல்லை, கழுவிவிட்டுப் போகும். காற்று மட்டும் அடித்து மழை ஏய்த்துவிடுகிற நாள் இருக்கிறதே, அன்றைக்குத்தான் ஆபத்து. காய்ந்த உப்பு இலைக்குள் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மூன்று நாளில் ஓரம் காப்பிப் பொடி நிறமாகும், அப்புறம் நடு இலை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அது போனபிறகு எங்கள் மாடியில் ஒரு செம்பருத்தி பாதிப்பாதியாக நின்றது. கடலைப் பார்த்த பக்கம் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்த மாதிரி சுருண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி மறைத்த பக்கம் பச்சைப்பசேல். அதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கருகியதையெல்லாம் அன்றே ஒட்ட வெட்டி, தெம்பு வரட்டும் என்று ஒரு கைப்பிடி உரமும் போட்டேன். உரமும் ஒருவகை உப்புதானே! பொங்கலுக்குள் வேர் வரை போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா தன் செடியைத் தொடவே இல்லை. தை பிறந்ததும் அது கணுவுக்குக் கணு துளிர்த்தது. “நீ வைத்தியம் பார்த்தே கொன்னுட்டப்பா” என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

ஆகவே கத்தரிக்கோலை உள்ளே வையுங்கள். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. புதுத் துளிர் வந்தபின் காய்ந்ததை வெட்டலாம், உரமும் அப்போதுதான்.

கழுவுகிற தண்ணீரிலும் உஷார். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறிப் பல வருஷம் ஆகிறது. நம் தெருக்களிலும் எத்தனையோ போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது. அதை ஊற்றினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அது, இல்லாவிட்டால் மெட்ரோ தண்ணீர். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். மண்ணில் இறங்கிய உப்பு வெளியேற, தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடும்வரை ஒருமுறை ஊற்றுங்கள். ஓட்டை அடைத்திருந்தால் முதலில் கம்பி விட்டுக் குத்துங்கள். குண்டுமல்லிக்கு வேர் நீரில் நின்றால் ஆகாது.

அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, சாம்பல். தூறலில் அது இலைமேல் அப்பளமாவு மாதிரி ஒட்டிக் காய்ந்துவிடும். காய்ந்ததைத் துணியால் தேய்த்தால் இலை கிழியும். ஊறவிட்டுக் கழுவுங்கள்.

தரையில் செடி வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துவந்து, எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. வெள்ளம் வடிந்தபின் மண் வழவழவென்று மின்னினால், கெரசின் வாடை அடித்தால், வெறுங்கையால் தொடாதீர்கள். எண்ணெய் படிந்த மண்ணில் வேருக்குக் காற்று போகாது. மேல்மண்ணை வழித்துத் தனியாகக் கட்டி வையுங்கள். தவறிக்கூட அந்த மண்ணைத் தொட்டிக்கு அள்ளிப் போடாதீர்கள். அந்த மண்ணில் நிற்கிற துளசியைக் கிள்ளிக் கஷாயத்தில் போடவும் வேண்டாம்.

கடைசியாகத் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு. செடியைப் பார்க்கிற அவசரத்தில் இதை எல்லாரும் விட்டுவிடுகிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டி முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். தேங்காய் நாரால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.

அப்படியே கைப்பிடிச் சுவர்மேல் இருக்கிற ரோஜாத் தொட்டியைக் கீழே இறக்கிவிடுங்கள். வங்கக் கடலில் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு நாள் குறித்துக்கொண்டு வராது. கீழே சந்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.