மார்பு ஏறணும், தொப்பை ஏறக்கூடாது

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் ஆண்டிபட்டிப் பையனுக்கு ஒரே சமயத்தில் மூன்று காரியம் கைகூட வேண்டும். மார்பு 81 சென்டிமீட்டர் இருந்து, மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கயிறும் ஏற வேண்டும். மார்பளவு பத்தாத ஒல்லிப் பையன் ஜிம்முக்குப் போனால், "முதல்ல நல்லா தின்னு வெயிட் ஏத்து, கொழுப்பை அப்புறம் கரைச்சுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். இந்த யோசனையை நம்ப வேண்டாம். ஏறிய கொழுப்பு அத்தனையையும் கயிற்றில் தூக்கிக்கொண்டு போகப்போவது அவன் கைகள்தான்.

நம் ஊர் உடம்புக்கு இந்த யோசனை இன்னும் பொருந்தாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். கை கால் குச்சியாக இருந்தும் வயிறு மட்டும் முன்னால் தள்ளும் உடல்வாகு நம்மிடம் அதிகம். அதனால் எடை பார்க்கும் மெஷினை மட்டும் நம்பி உடம்பு வளர்க்கக் கூடாது.

அதிகம் தின்றால் தசை அதிகம் வளருமா? நார்வே நாட்டு விளையாட்டு வீரர்களிடம் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஆலோசனைப்படி நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 15 சதவீதம் கூடியது. தம் விருப்பப்படி சாப்பிட்டவர்களுக்கு 3 சதவீதம்தான். தசை வளர்ச்சியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. தசையை வளரச் சொல்வது பாரம்; சோறு அதற்குப் பொருள் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பாரத்தை எப்படி ஏற்றுவது? ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், புல்-அப், டெட்லிஃப்ட் போன்ற பெரிய அசைவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு தடவைக்குள், கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டுத் தூக்கும் எடையாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் உடம்பு கோணாமல் வந்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு நாள், மொத்தம் பத்து செட் அளவில் போதும். ஜிம்முக்குக் காசில்லை என்றால் தண்டால், பைட்டக், தோளில் மணல் மூட்டை, மரக்கிளையில் புல்-அப். கயிறு ஏறுவதே முதுகுக்கும் கைக்கும் அருமையான பாரப்பயிற்சி.

பலம் கூட உடம்பு பருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றது ஒரே 77 கிலோ பிரிவில். கிளாஸ்கோவில் அவர் இரண்டு தூக்கலிலும் சேர்த்துத் தூக்கியது 328 கிலோ.

இனி சாப்பாடு. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ பையனுக்கு நாளைக்கு 96 கிராம். நாலு முட்டையில் 24, நூறு கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 19, அரை லிட்டர் பாலிலோ தயிரிலோ 15, கோழியோ மீனோ நூற்றைம்பது கிராமில் 30 வரை. மிச்சத்தை இட்லியும் சோறும் பருப்பும் நிரப்பிவிடும். சைவக்காரர்களுக்கு 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராம். வைகை அணைப் பக்கம் பொரித்த மீனைப் பார்த்தால் நாக்கு ஊறும். வாரம் முழுக்கச் சாப்பிட வேண்டுமானால் அதைக் குழம்பாக வையுங்கள், எண்ணெய் மிச்சம். நிலக்கடலையில் புரதம் நூற்றுக்கு 25 கிராம்; ஆனால் பாதி எண்ணெய், 560 கலோரிக்கு மேல். ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

ஒல்லிப் பையன் வழக்கத்தைவிட 200, 300 கலோரி கூட்டினால் போதும். ஏற்கெனவே தொப்பை உள்ளவர், சக்கம்பட்டியில் பகலெல்லாம் தறியில் உட்கார்ந்திருப்பவர், எதையும் கூட்ட வேண்டாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் வெளியானது. அதில் இளைஞர்களுக்குத் தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரி கொடுத்து, கடும் பயிற்சியும் கொடுத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்களுக்கு நான்கு வாரத்தில் 4.8 கிலோ கொழுப்பு கரைந்து, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடியது. எரிபொருளை உடலில் சேர்ந்திருந்த கொழுப்பு தந்தது, கட்டுமானப் பொருளைத் தட்டு தந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சீக்கிரம் உடம்பு ஏறும் என்று யாராவது ஸ்டீராய்டு ஊசியை நீட்டினால் வாங்காதீர்கள். அது விந்தகத்தையும் இதயத்தையும் கெடுக்கும்.

வாரம் ஒரு நாள் காலையில், வெறும் வயிற்றில், தொப்புளுக்கு நேராக டேப்பால் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். எடை கூடி இடுப்பு அப்படியே இருந்தால் சரியான வழி. இடுப்பும் சேர்ந்து கூடினால் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள், முட்டையைக் குறைக்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் தூக்கும் பாரத்தைப் பாதியாக்கி, நன்றாகத் தூங்குங்கள்.