திருவண்ணாமலை நகரும் சவ்வாது மலையும்: அரசு முன்பருவக் கல்வி குறித்த ஓர் ஒப்பீடு

திறவுச்சொற்கள்: அங்கன்வாடி, மழலையர் வகுப்பு, முன்பருவக் கல்வி, குறு மையம், கல்வி உரிமைச் சட்டம்

முன்னுரை

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும், 1982 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சத்துணவுத் திட்டமும் தமிழக அங்கன்வாடிகளின் இரு வேர்கள். இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. அவற்றுள் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் அமைந்த 2,381 மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஒரே வளாகத்தில் இருவகைக் கல்வி அமைந்தபின் எது சிறந்தது என்னும் வினா இயல்பாகவே எழுந்தது. குழந்தை எத்தனை எழுத்து அறிந்துள்ளது என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் ஒப்பீடு இங்குப் பொருந்தாது.

பணியும் பொறுப்பும்

அங்கன்வாடிப் பணியாளர் ஆசிரியர் மட்டுமல்லர். குழந்தைகளின் எடையைக் குறித்தல், கருவுற்ற தாய்மார்க்கு இணை உணவு வழங்கல், தடுப்பூசி நாளை நினைவூட்டல், கைப்பேசிச் செயலியில் பதிவிடல் எனப் பல பணிகளுக்கிடையே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தையும் அவரே நடத்துகிறார். மழலையர் வகுப்பாசிரியர்க்குக் கற்பித்தல் ஒன்றே பணி; ஆயின் அப்பணிக்கு நிலைப்பு இல்லை. முதலில் இடைநிலை ஆசிரியர்கள் பணியமர்த்தப்பட்டனர். 2022 இல் அவர்கள் தொடக்கப்பள்ளிகளுக்குத் திருப்பப்பட்டு, வகுப்புகளே நிறுத்தப்படும் நிலை உருவானது. எதிர்ப்பு எழுந்தபின் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களைக் கொண்டு அவ்வகுப்புகள் தொடர்ந்தன. ஒரு துறையின் பணியாளர் கல்விக்கு நேரமின்றியும், மற்றொரு துறையின் ஆசிரியர் பணியுறுதியின்றியும் இயங்குகின்றனர். இவ்விரு குறைகளும் ஒன்றல்ல; தீர்வுகளும் ஒன்றாக இயலா.

நகரும் மலையும்

திருவண்ணாமலை நகரில் பூ, உணவு, தங்குமிடம் எனக் கிரிவலத்தைச் சார்ந்து வாழும் குடும்பங்களுக்குக் குழந்தையைப் பகலில் விட்டுச்செல்லும் இடமாக அங்கன்வாடி பயன்படுகிறது. அதே நகரில் தனியார் மழலையர் பள்ளிகளும் உள்ளன. பெற்றோர்க்குத் தெரிவு உண்டு. அதே மாவட்டத்தின் சவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த பழங்குடிச் சிற்றூர்களில் நிலை வேறு. பழங்குடிப் பகுதிகளில் 150 முதல் 300 பேர் வாழும் குடியிருப்புக்குக் குறு மையம் என்பது விதி. உதவியாளர் இல்லாத குறு மையத்தில் சமைப்பவரும் பாட்டுச் சொல்லித்தருபவரும் ஒருவரே. அங்குச் சேர்க்கை எண்ணிக்கை பெற்றோரின் விருப்பத்தைக் காட்டுவதில்லை. வேறு இடம் இன்மையையே காட்டுகிறது. எனவே இரு இடங்களின் சேர்க்கை எண்களை ஒரே அட்டவணையில் வைத்துத் தரம் காண்பது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

இவ்வேறுபாட்டைச் சட்டமும் ஆழப்படுத்துகிறது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, மூன்று முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகளின் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது; செய்தாக வேண்டும் என்று கூறவில்லை. ஆனால் 12 ஆம் பிரிவு, முன்பருவ வகுப்பு நடத்தும் சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகள் அவ்வகுப்பிலேயே நலிவுற்றோர்க்கு 25 விழுக்காடு இடம் தரவேண்டும் எனக் கட்டாயப்படுத்துகிறது. நகரக் குழந்தை உரிமையாகக் கோரக்கூடிய இடம் தனியார் பள்ளியில் உள்ளது. தனியார் பள்ளி இல்லாத மலைச் சிற்றூர்க் குழந்தைக்கு அவ்வுரிமையால் பயனில்லை.